அறுபத்தெட்டுப் புள்ளி

இங்க உக்காரட்டுங்களா மேடம்? இல்ல, அந்தச் சேருங்களா? சரிங்க, நீங்க எங்க சொல்றீங்களோ அங்க. நான் சொன்ன பேச்சு கேக்கற ஆளுங்க. வேணும்னா வெளிய நிக்கற ஏட்டம்மாவைக் கேட்டுப் பாருங்க. ஒம்பது மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாங்க, நான் எட்டரைக்கே வந்து பெஞ்சுல உக்காந்துட்டேன்.

எம்பேரு நல்லசிவங்க. அதெல்லாம் உங்க நோட்டுல இருக்கும். சமாதானக் கடுதாசில எம்பக்கம் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். எம்பொண்டாட்டி தமயந்தி பக்கத்து ரூம்ல இருக்கறா, அவ கையெழுத்துதான் பாக்கி. அவளும் போட்டுட்டா ஒண்ணேகால் பஸ்ஸுக்குக் கூட்டிக்கிட்டு ஊட்டுக்குப் போயிருவேன். போடலைன்னா கேசாயிரும்னு ஏட்டம்மா சொன்னாங்க. போட்டுருவா மேடம். கட்டி ஆறு வருசமாச்சு, அவ என்ன செய்வா என்ன செய்ய மாட்டானு எனக்குத் தெரியாதுங்களா?

அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணே ஒண்ணு எழுதிக்கணும். தப்பு மெஷின் மேல. அதை மொதல்ல எழுதுங்க. அப்பறம் மத்ததெல்லாம் எழுதுங்க.

எந்த மெஷினுனு கேக்கறீங்களா? சொல்றேன். பொறுமையாச் சொல்றேன். எனக்குப் பொறுமை ஜாஸ்திங்க.

எங்க கம்பெனி திருச்செங்கோட்டு ரோட்டுல ஒரு பழைய தறிப்பட்டறை. தறியெல்லாம் வித்துப்போட்டு, தகரத்துக்குக் கீழ அட்டை அடிச்சு, ஏசி மாட்டி, நாப்பது கம்ப்யூட்டர் போட்டிருக்காங்க. உள்ள என்ன வேலைன்னா, முகத்துல புள்ளி வெக்கறது. கோலப்புள்ளி இல்லீங்க. கம்ப்யூட்டர்ல ஒரு மனுசன் முகம் வரும். கண்ணு முனை எங்க, மூக்கு நுனி எங்க, வாய் ஓரம் எங்கனு ஒவ்வொரு எடத்துலயும் ஒரு புள்ளி வெக்கணும். தாடை ஓரமா இந்தக் காதுல இருந்து அந்தக் காது வரைக்கும் பதினேழு. புருவத்துக்கு அஞ்சஞ்சு. மூக்குக்கு ஒம்பது. கண்ணுக்கு ஆறாறு. வாய்க்கு மட்டும் இருபது. ஆக மொத்தம் அறுபத்தெட்டு. இப்படி லட்சக்கணக்குல நாம வெச்சுக் குடுத்தா, அதைப் பாத்துப் பாத்து மெஷின் தானா வெக்கக் கத்துக்கும். உங்க போனு உங்க மூஞ்சியப் பாத்துத் தொறக்குதில்லீங்க, அதெல்லாம் இப்படி வந்ததுதான்.

ஒரு முகத்தை மூணு புள்ளைங்க தனித்தனியா வெப்பாங்க. ஒருத்தி எங்க வெச்சானு இன்னொருத்திக்குத் தெரியாது. மூணும் ஒத்துப்போச்சுன்னா சரி. ஒரு புள்ளி ஒத்துப்போகலைன்னா அதுக்கு நாங்க சண்டைப்புள்ளினு பேரு வெச்சிருக்கறோம். சண்டைப்புள்ளியெல்லாம் எங்கிட்ட வரும். நான் எங்க வெக்கறேனோ அதான் முடிவு, அதுக்கு மேல பேச்சே கெடையாது. ஏழு வருசத்துல நான் வெச்சதுல ஒண்ணைக்கூட ஒருத்தனும் நகத்தினதில்ல. உங்க மூஞ்சியக்கூட இங்க உக்காந்துக்கிட்டே சொல்லிப்போடுவேன் மேடம். எடது புருவம் வலதை விட ஒரு துளி எறக்கம். சரிதானுங்களே? கோவிச்சுக்காதீங்க, தொழில் அப்படி.

போன தை மாசம் புதுசா ஒரு கேமரா வந்துச்சு. அதுக்கு ரெண்டு கண்ணுங்க. ஒரு கண்ணு சாதாரணமா படம் எடுக்கும். இன்னொன்னு நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைப் பொடிப்பொடியா மூஞ்சி மேல எறைச்சு, எந்த எடம் எவ்வளவு தூரத்துல இருக்குனு அளக்கும். அதை நாங்க ஆழம்னு சொல்லுவோம். கம்ப்யூட்டர்ல கலர் கலரா வரும். கிட்ட இருக்கறது செவப்பு, தள்ளி இருக்கறது நீலம். மூக்கு நுனி நல்லா செவப்பா இருக்கும், காதுப் பக்கம் நீலம் ஓடும், கன்னம் ரெண்டும் ஒரே மாதிரி மஞ்சளா இருக்கும். படத்தையும் ஆழத்தையும் ஒண்ணா வெச்சுப் பாத்து மெஷின் தானா அறுபத்தெட்டையும் வெக்கும். வெறும் படத்தை வெச்சு ஏமாத்திரலாமாம். நெழல் விழுந்தா, பவுடர் பூசினா படம் ஏமாந்துரும். ஆழம் ஏமாறாதாம். அப்படித்தான் ட்ரெய்னிங்ல சொன்னாங்க.

மெஷின் ஒழுங்கா வெக்குதானு பாக்கறதுக்கு, அதே முகத்தை மாசாமாசம் எடுக்கணும். தையில மூக்கு மேல எங்க வெச்சுதோ ஆனிலயும் அங்கயே வெக்குதானு பாக்கணும். அதுக்கு பத்து முகம் வேணும்னாங்க. வேலை செய்யறவங்க ஊட்டு ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வாங்கன்னாங்க. நான் மொத ஆளா தமயந்தியைக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஏன்னு கேளுங்க. எங்க ஜில்லாவுல அப்படியொரு மூஞ்சி கெடையாதுங்க. மூக்குனா அது மூக்கு. பொண்ணு பாக்கப் போன அன்னிக்கே நான் மனசுக்குள்ள அறுபத்தெட்டும் வெச்சுட்டேன். ரெண்டு பக்கமும் நூல் புடிச்ச மாதிரி இருந்துச்சு. அதைக் கம்பெனிக்குக் காட்டணும்னு ஒரு பெருமைங்க எனக்கு. பெருமை இருக்கக் கூடாதுங்களா?

தை மாசம் எடுத்தாங்க. மெஷின் வெச்சதும் நான் வெச்சதும் அச்சு அசல் ஒண்ணு. எல்லாரும் கை தட்டினாங்க.

மாசில எங்க பங்காளி ஊட்டுக் கல்யாணம். பந்தில எதுத்தாப்புல உக்காந்திருந்த ஒருத்தனைப் பாத்து தமயந்தி சிரிச்சா. அவகூட படிச்சவனாம். படிச்சா? ஊட்டுக்கு வந்ததும் என்ன சிரிப்புனு கேட்டேன். அவ பாட்டுக்கு உள்ள போனா. தலைமுடியைப் புடிச்சு நிறுத்தினேன். நிறுத்தினதுதாங்க நான். கதவு நிலைக்கால்ல போய் அவளே இடிச்சுக்கிட்டா. மூக்குல ரத்தம். அது நல்ல தேக்கு நிலை, எங்கப்பன் வெச்சது. நாந்தான் துணியை நனைச்சுக் குடுத்தேன், நாந்தான் தரையைத் தொடைச்சேன். அதையும் எழுதிக்குங்க. அவ எழுதிக் குடுத்த மனுவுல நான் தொடைச்சது வந்திருக்குதா? வந்திருக்காதுங்க.

பங்குனில ஒண்ணுமே இல்லீங்க. நல்ல மாசம். கோயில் நோம்பிக்குக்கூட கூட்டிக்கிட்டுப் போனேன்.

சித்திரைல டிபன் கேரியர். அது எம்மேல தப்புதான். தப்பை நான் ஒத்துக்கற ஆளு. சோத்துல முடி இருந்துச்சு. பொட்டச்சி முடி சோத்துல கெடந்தா யாருக்குத்தான் கோவம் வராது? கேரியர் கையில இருந்துச்சு, கை ஓங்குச்சு, எடது கன்னத்துல பட்டுருச்சு. ரெண்டு வாட்டியோ மூணு வாட்டியோ. நாலு அடுக்குக் கேரியருங்க அது, மூணாவது அடுக்கு நசுங்கிப் போச்சு, இன்னிக்கு வரைக்கும் சரியா மூட மாட்டேங்குது. வீங்குச்சு. வீக்கம் வத்தினதுக்கு அப்பறம் ஆளு எப்பவும் போலத்தான் இருந்தா. நானே பவுடர் வாங்கிக் குடுத்தேன். வைகாசில ஒரு பல்லு. அது முன்னாடியே ஆட்டம் கண்ட பல்லு.

இந்த டேபிள் வெயிட்டை ஏன் மேடம் நகத்தி வெக்கறீங்க? வைங்க வைங்க. உங்க டேபிளு, உங்க இஷ்டம்.

ஒவ்வொரு மாசமும் தவறாம கேமரா முன்னாடி கூட்டிக்கிட்டுப் போய் உக்கார வெச்சேன். மறைக்கணும்னு நெனச்சிருந்தா கூட்டிக்கிட்டுப் போவேனுங்களா? சொல்லுங்க. அதுவும் எழுதிக்குங்க.

படத்துல பாத்தா ஒண்ணுமே இல்லீங்க. பவுடர் பூசி பொட்டு வெச்சு உக்காந்தா ராணியாட்டம் இருப்பா. ஆனா மெஷின் தப்புத் தப்பா வெக்க ஆரம்பிச்சுது. மூக்குத் தண்டுப் புள்ளி நாலும் வலது பக்கமா சாஞ்சு போச்சு. வாயோட எடது ஓரம் உள்ள போச்சு. தாடைல மூணு புள்ளி கோணலு. எடது கன்னத்துல மஞ்சள் இருக்க வேண்டிய எடத்துல நீலம். ஒரு ரூவா அகலத்துக்கு நீலம். நான் என்ன பண்ணுவேன்? தப்பா வெச்சதைத் தூக்கி சரியான எடத்துல வெச்சேன். அடுத்த மாசமும் அதே. அதையும் சரி பண்ணினேன். எனக்கு அந்த மூஞ்சி மனப்பாடம் மேடம். கண்ணை மூடிக்கிட்டு வெப்பேன்.

ரேணுகான்னு ஒரு புள்ளைங்க எங்க ஆபீசுல. எனக்குக் கீழ புள்ளி வெக்கறவ. ஆனி மாசம் எங்கிட்ட வந்து நின்னா. "சார், தமயந்தியக்கா பைலு சண்டையில வந்திருக்குது சார்"ங்கறா.

"எத்தனை புள்ளி?"

"பதினொண்ணு சார்."

"நீங்க மூணு பேரு வெச்சதுக்குள்ளயா?"

"இல்லீங்க சார். நாங்க மூணு பேரும் ஒரே எடத்துலதான் வெச்சிருக்கறோம். மெஷினும் அங்கதான் வெச்சிருக்குது. நீங்க மட்டுந்தான் சார் வேற எடத்துல..."

என்ன தைரியம் பாத்தீங்களா? சேரைத் தள்ளிப்போட்டு எந்திரிச்சேன். அவ ரெண்டடி பின்னாடி போனா, ஆனா வாயை மூடல. "படத்துல பாத்தா நீங்க சொல்றது சரி சார். ஆழத்துல பாத்தா மெஷின் சொல்றதுதான் சார். அக்காவை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க சார்"னா.

எவர்சில்வர் தண்ணி பாட்டில் ஒண்ணு கைக்கு எட்டற தூரத்துல இருந்துச்சு. எறிஞ்சேன். அவ மேல படலீங்க. மானிட்டர்ல பட்டு சில்லுச்சில்லாப் போச்சு. நான் மானிட்டரைக் குறி பாத்துத்தான் எறிஞ்சேன். அவளைக் குறி பாத்திருந்தா அவ மேல பட்டிருக்கும், நமக்குக் குறி தப்பாதுங்க. அப்பறம் கேமரா ஸ்டாண்டை ஒரு ஒதை விட்டேன். ரெண்டு கண்ணும் வெச்சுக்கிட்டு எம்பொண்டாட்டி மூஞ்சிய எனக்குச் சொல்லித் தருதா அது? நான் தாலி கட்டின மூஞ்சிங்க. நேத்து வந்த டப்பா, அது சொல்லுது கன்னம் பள்ளமாம். ரத்தம் கொதிச்சுது மேடம்.

பூரா ஆபீசும் எந்திரிச்சு நின்னு பாத்துச்சு. ஒரு புள்ளை அழுவறா. இன்னொருத்தி கதவுகிட்டயே போயிட்டா. சரி, வாய்ப் பேச்சு வேண்டாம், எழுத்துல காட்டறேன்னு முடிவு பண்ணினேன்.

எங்க கம்பெனில ஒரு வழக்கம் இருக்குதுங்க. மெஷின் தப்புனு சரிபாக்கறவனுக்குத் தோணுச்சுன்னா, பைலு போட்டு ஹெட் ஆபீசுக்கு அனுப்பலாம். ஆறு மாசப் படம், ஆறு மாச ஆழம், எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு தாள்லயும் தேதி போட்டு, கையெழுத்துப் போடணும். ஒரு பாரம் உண்டு. அதுல ஒரு கேள்வி வரும்: 'இந்த மாதம் முகத்தில் மாற்றம் ஏதும் உண்டா? காரணம்?' சில பேரு மீசை எடுத்திருப்பான், சில பேரு பல்லு புடுங்கியிருப்பான், அதுக்காக வெச்சிருக்கற கேள்வி. எல்லாரும் 'இல்லை'னு போட்டுட்டுப் போயிருவாங்க. நான் அப்படி இல்லீங்க. வேலைனு வந்துட்டா நான் பொய் எழுத மாட்டேன். வீக்கத்தைப் பாத்து மெஷின் கொழம்பியிருச்சுனு ஹெட் ஆபீசுக்காரங்க சாக்கு சொல்லிரக் கூடாதில்லைங்க? அதனால அத்தனையும் வெவரமா எழுதினேன். மாசி: மூக்கு, நிலைக்காலில் இடி, தலைமுடி பிடித்திருந்தது, வீக்கம் எட்டு நாள். சித்திரை: இடது கன்னம், டிபன் கேரியர், மூன்று முறை, வீக்கம் பதினைந்து நாள், தற்போது வீக்கம் இல்லை. வைகாசி: கடைவாய்ப் பல் ஒன்று, கை பட்டது. பங்குனிக்கு மட்டும் 'மாற்றம் இல்லை'. ஒவ்வொண்ணுக்கும் கீழ என் கையெழுத்து, தேதி, ஆபீசு சீலு. அப்படியொரு பைலு அந்தக் கம்பெனில ஒருத்தனும் போட்டதில்ல மேடம். நீங்க பாத்தீங்களே, எவ்வளவு சுத்தமா இருந்துச்சு? ஒரு அடித்தல் திருத்தல் இருந்துச்சா?

பத்து நாள் கழிச்சு பதில் வந்துச்சு. மூணே வரி. மெஷின் சரி. முகம் மாறியிருக்கிறது. நல்லசிவம் இனி சரிபார்க்க வேண்டாம்.

ஏழு வருசங்க. ஏழு வருசமா நான் வெச்ச புள்ளியை எவனும் நகத்தினதில்ல. மூணு வரில என்னைத் தூக்கி வீசிட்டாங்க. மேனேஜர் கூப்புட்டு, மூணு மாசம் லீவு எடுத்துக்கங்க நல்லசிவம், ஊட்டுல பாருங்கங்கறான். எம்மூஞ்சியப் பாக்கலீங்க அவன், ஜன்னலைப் பாத்துக்கிட்டே சொன்னான். என் சீட்டுல ரேணுகா உக்காந்திருக்கறா. அவமானத்துல உசுரே போயிருச்சு மேடம். அழுதுக்கிட்டே வண்டி ஓட்டினேன். ஆம்பளை நடுரோட்டுல அழுதுக்கிட்டு வண்டி ஓட்டறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?

ஊட்டுக்கு வந்தப்ப மத்தியானம் பன்னெண்டு இருக்கும். தமயந்தி துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தா. பைலோட நகல் எங்கையில இருந்துச்சு. "வா இங்க"ன்னேன். பிளாஸ்டிக் சேரை எடுத்து வாசல் வெளிச்சத்துல போட்டு உக்கார வெச்சேன். சட்டைப் பையில இருந்து நீலப் பேனாவை எடுத்தேன். நாம சரியா மெஷின் சரியானு இன்னிக்குப் பாத்துப்போடலாம்னுதான். அடிக்கணும்னு இல்லீங்க, சத்தியமா இல்ல. வேலைங்க அது.

தாடையை எடது கையில புடிச்சுக்கிட்டு, காதுல இருந்து ஆரம்பிச்சேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒரு மூஞ்சி மேல நெசமாப் புள்ளி வெச்சது அதுதான் மொத வாட்டி. பேனா நல்லா அழுத்தினாத்தான் தோல்ல எழுதும். புருவத்துக்கு அஞ்சஞ்சு. "ஆடாதே"னு சொன்னேன். கண்ணோரம் வெக்கறப்ப தலையை இழுத்தா, தாடைய இறுக்கிப் புடிச்சேன். கண்ணுல இருந்து தண்ணி ஒழுகி வெச்ச புள்ளியெல்லாம் அழிஞ்சுது. தொடைச்சுப்போட்டு மறுபடியும் வெச்சேன். "மாமா, வலிக்குது மாமா"ங்கறா. பேனா முனை என்ன கத்தியா?

மூக்குக்கு வந்தேன். நேரா வெக்கறேன், கோடு கோணலாப் போகுது. நூல் புடிச்சுப் பாத்தேன். நூலு ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம். "மூக்கைக் கோணிக்கிட்டு உக்காந்திருக்கறே நீ"னு சொன்னேன். இல்லைங்கறா. அப்பறம் எடது கன்னம். மேலாப்புல பாத்தா ஒண்ணும் தெரியல. கட்டை விரலை வெச்சு அழுத்திப் பாத்தேன். விரலு உள்ள போச்சு மேடம். வலது கன்னத்துல எலும்பு தட்டற எடத்துல, எடது பக்கம் எலும்பையே காணோம். மறுபடியும் அழுத்தினேன். அப்பத்தான் அவ கத்தினா. தெருவே கேக்கற மாதிரி கத்தினா.

நீங்களே சொல்லுங்க. ஒருத்தி மூஞ்சிய உள்ளுக்குள்ள வேணும்னே இழுத்து வெச்சுக்க முடியுமா முடியாதா? முடியும்ங்க. கன்னத்தை உறிஞ்சி வெச்சுக்கறதில்லைங்களா? ஆறு மாசமும் கேமரா முன்னாடி அப்படித்தான் வெச்சிருக்கறா. என்னை ஆபீசுல அசிங்கப்படுத்தோணும்னே வெச்சிருக்கறா. அது எனக்குப் பட்டுனு வெளங்கிச்சு பாருங்க, அதுக்கப்பறம் நடந்தது எனக்கே சரியா நெனவுல இல்ல. சேரு கால் ஒண்ணு ஒடஞ்சுது. அவ கீழ கெடந்தா. நான் "நேரா வை, மூஞ்சிய நேரா வை"னு சொல்லிக்கிட்டே இருந்தேன். கையால, அப்பறம் காலால. அது மட்டும் நெனவு இருக்குது. பக்கத்து ஊட்டுக்காரி மதில் மேல எட்டிப் பாத்து ஏதோ கத்தினா. போடீ உள்ளேன்னு அவ மேல செங்கல்லைத் தூக்கிப் போட்டேன்.

கையெல்லாம் மை. ரத்தமும் மையும். கழுவறதுக்கு உள்ள போனேன். சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் கழுவினேன், மை அவ்வளவு லேசுல போகாதுங்க. அஞ்சு நிமிசம் ஆகியிருக்கும்.

வெளிய வந்தா, அவ உக்காந்துக்கிட்டு பைலைப் படிச்சுக்கிட்டு இருக்கறா. தையில இருந்து ஒவ்வொரு தாளா. கலர்ப் படத்தை மடியில வெச்சுக்கிட்டு, எடது கன்னத்து நீலத்து மேல ஒரு விரலு, தன்னோட கன்னத்து மேல ஒரு விரலு. வாயெல்லாம் ரத்தம், ஆனா அழுவல. "இது நாந்தான் மாமா. இந்த மெஷின் ஒண்ணுதான் என்னைப் பாத்திருக்குது"ன்னா.

கேட்டீங்களா? ஆறு வருசம் சோறு போட்டவன் பாக்கலையாம், டப்பா பாத்துச்சாம். தண்ணி குடிக்கலாம்னு மறுபடியும் உள்ள போனேன். சொம்பைக் கீழ வெக்கறதுக்குள்ள வாசல் கேட் சத்தம். அவளும் இல்ல, பைலும் இல்ல.

அந்தப் புள்ளியெல்லாம் மூஞ்சில வெச்சுக்கிட்டே பஸ்ஸேறி இங்க வந்திருக்கறா. டவுன் பஸ்ஸுல, பட்டப்பகல்ல, எல்லாரும் பாக்க. என் மானம் என்னாச்சுனு கொஞ்சம் நெனச்சுப் பாத்தாளா? ஏட்டம்மாதான் மொதல்ல பாத்தாங்களாம். யாரும்மா உனக்கு இப்படிப் புள்ளி வெச்சதுனு கேட்டாங்களாம். பைலை டேபிள் மேல வெச்சுட்டு என் கையெழுத்தைக் காட்டினாளாம். பன்னெண்டு தாளு, பன்னெண்டு கையெழுத்து. நான் வேலைக்குப் போட்ட கையெழுத்தை எனக்கு எதிராக் காட்டறா. இதெல்லாம் எந்த ஊரு நாயம்?

நாலு நாளா ஆஸ்பத்திரில இருந்திருக்கறா. தாடைல பிளேட் வெச்சிருக்காங்கனு சொன்னாங்க. நல்லதுங்க. நான் வேண்டாங்கல. நேராகட்டும்.

அதான் சமாதானம்னு வந்திருக்கறேன். எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல. மெஷின் குழப்பிருச்சு, ரெண்டு பேருக்கும் நடுவுல. அதை மட்டும் எழுதிப்போட்டு அவளைக் கூப்புடுங்க. என் மூஞ்சியப் பாத்தா கையெழுத்துப் போட்டுருவா.

கூப்புடறீங்களா? வரட்டும் வரட்டும். ஏட்டம்மாவும் கூட வர்றாங்களா? எதுக்குங்க? சரி, வரட்டும்.

வா தமயந்தி. உக்காரு. ஏன் அங்கயே நிக்கறே? மேடம் கேக்கறாங்க பாரு. அந்தத் தாளை எடுத்துக் குடுங்க மேடம். இந்தா பேனா. புடி. புடின்னா. நீலப் பேனா வேண்டாமா? மேடம், கறுப்புப் பேனா ஒண்ணு குடுங்க, இவளுக்கு நீலம் ஆகாதாம்.

என்ன சொல்றே? சத்தமாச் சொல்லு. தாடைல கம்பி இருந்தா என்ன, நான் கிட்ட வந்து கேக்கறேன். சொல்லு.

போட மாட்டேங்கறா மேடம். கேட்டீங்களா? கேசு போடுங்கங்கறா. எல்லாரும் சொல்லிக் குடுத்திருக்காங்க இவளுக்கு. ரேணுகா வந்து பாத்துட்டுப் போனாளா? வந்திருப்பா. நீங்க கொஞ்சம் இருங்க மேடம், நான் பேசிக்கறேன். நான் பேசினா கேப்பா. இங்க பாருங்க, நல்லா கிட்ட வந்து பாருங்க, இந்த மூஞ்சில என்ன கொறை? ஒண்ணும் இல்ல. பள்ளமா எங்கயாவது தெரியுதா? நான் காட்டறேன், ஒவ்வொரு எடமா வெரல் வெச்சுக் காட்டறேன். தமயந்தி, மூஞ்சில இருந்து கையை எடு. மேடம் பாக்கணும்ல? கையை எடு. எடுன்னா எடு. நேரா பாரு. அடியே, நேரா பாருன்னு சொல்றனில்ல, உன்னைய...

ஏட்டம்மா, கையை விடுங்க. விடுங்கம்மா. மேடம், விடச் சொல்லுங்க. எதுக்கு இத்தனை பேரு வர்றீங்க? நீங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? நான் இன்னும் அடிக்கவே இல்லையே.